மக்காச்சோளம் 28-ம் நாள், கிணறு இறங்குது: எந்தத் தண்ணீரைத் தள்ளிப் போடலாம், எதைத் தவறவிடக் கூடாது?

வேப்பந்தட்டைக்காரன்:

வணக்கம். பெரம்பலூர் மாவட்டம். வீரிய ஒட்டு மக்காச்சோளம், 105 நாள் ரகம், 60-க்கு 25 செ.மீ. இடைவெளி. ஜனவரி 10-ல் விதைப்பு, இன்று 28-ம் நாள். மொத்தம் 3 ஏக்கர். அதில் 2 ஏக்கர் கரிசல், 1 ஏக்கர் செம்மண், கொஞ்சம் சரளை கலந்தது. பார் (மண் வரப்பு) போட்டு, நடுவே உள்ள சாலில் (பள்ளத்தில்) பாய்ச்சல், கிணற்றிலிருந்து வயலுக்கு மண் வாய்க்கால்.

விதைத்த அன்று ஒரு தண்ணீர், 4-ம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு 13, 23-ம் நாள் என்று பத்து நாளைக்கு ஒன்றாகக் கட்டி வருகிறேன். 25-ம் நாள் யூரியா போட்டு மண் அணைத்தாச்சு. கிணற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. மாசியில் இன்னும் இறங்கும்.

கேள்விகள் மூன்று. இதே பத்து நாள் கணக்கைக் கடைசி வரை வைத்துக்கொள்ளலாமா? தண்ணீரை மிச்சம் பிடிக்க இப்போது ஒரு தண்ணீரைத் தள்ளிப் போட்டால் விளைச்சல் குறையுமா? போன பட்டத்தில் பாதிக் கதிர்களில் நுனி மூன்று நான்கு விரல்கடை அளவுக்கு மணி பிடிக்காமல் மொட்டையாக இருந்தது. விதைக்கடையில் நுண்ணூட்டக் குறைபாடு என்றார்கள். அது தண்ணீரால் வந்ததாக இருக்குமா?

மடைமாற்றி:

பத்து நாள் கணக்கு இப்போது கரிசலுக்குச் சரி. செம்மண்ணுக்கு இப்போதே போதாது. பூக்கும்போது இரண்டுக்குமே போதாது. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

மண் எவ்வளவு தண்ணீர் பிடித்து வைக்கும், அதில் பயிர் வாடாமல் எவ்வளவு எடுக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும், இந்த மூன்றும்தான் இடைவெளியைத் தீர்மானிப்பவை. ஒரு மீட்டர் ஆழக் கரிசலில் பயிருக்குக் கிடைக்கும் தண்ணீர் சுமார் 180 மி.மீ. உங்கள் மாதிரி செம்மண்ணில் சுமார் 110, சரளை அதிகமென்றால் அதற்கும் கீழே. மக்காச்சோளம் இதில் பாதிக்குச் சற்று மேல், 55 சதவீதம் வரை சிரமமில்லாமல் எடுக்கும். அதற்கு மேல் இலை சுருள ஆரம்பிக்கும்.

இப்போது வேர் ஒன்றேகால் அடி ஆழத்தில் வேலை செய்கிறது, 40 செ.மீ. என்று வையுங்கள். இலைப் பரப்பும் முழுதாக விரியவில்லை, ஒரு நாளைக்கு 3 முதல் 3.5 மி.மீ. தான் குடிக்கும். கரிசலில் 40 மி.மீ. எடுக்கலாம், அது 12 நாள் தாங்கும். செம்மண்ணில் 24 மி.மீ., 7 நாள்.

பூக்கும்போது வேர் இரண்டடிக்குப் போயிருக்கும். ஆனால் அப்போது மார்ச் முதல் வாரம், வெயில் ஏறியிருக்கும், இலை முழுதாக மூடியிருக்கும். ஒரு நாளைக்கு 7 மி.மீ. கணக்கு வையுங்கள். கரிசல் 60 மி.மீ. கொடுக்கும், 8 நாள். செம்மண் 36 முதல் 40 மி.மீ., 5 முதல் 6 நாள். பத்து நாள் விட்டால் செம்மண்ணில் நான்கு நாள் பயிர் பட்டினி. அதுவும் எந்தச் சமயத்தில்? கதிர் நுனியில் பட்டு நூல் (பெண் பூவின் இழை) வெளியே வரும் சமயத்தில்.

உங்கள் ரகத்துக்குச் செடி உச்சியில் ஆண் பூ 50-ம் நாளை ஒட்டி வரும், பட்டு நூல் 53-ம் நாள் வாக்கில், அதாவது மார்ச் 4. அதற்கு முன்னே ஒரு வாரத்துக்குச் சற்று மேல், பின்னே ஒன்றரை வாரத்துக்குச் சற்று மேல்: 45-லிருந்து 65-ம் நாள் வரை, பிப்ரவரி 24 முதல் மார்ச் 16 வரை. கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் ஈரம் குறையக் கூடாது என்று சொல்லப்படுவது இந்த 45–65 நாளைத்தான்.

இந்த நாட்கள் எவ்வளவு முக்கியம் என்றால், உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1979-ல் வெளியிட்ட 33-ம் எண் பாசன ஆவணத்தில் மக்காச்சோளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ச்சிப் பருவத்தில் பயிர் குடிக்க வேண்டியதில் 10 சதவீதம் குறைந்தால் விளைச்சல் 4 சதவீதம் குறையும். பூக்கும்போது அதே 10 சதவீதக் குறைவுக்கு 15 சதவீதம் போகும். மணி முற்றும்போது 5 சதவீதம், காயும் கட்டத்தில் 2. இதைப் படித்தால் எந்தத் தண்ணீரைத் தள்ளிப் போடுவது என்று தானே தெரிந்துவிடும்.

ஆகவே கரிசலில் அடுத்த தண்ணீரை 33-க்குப் பதில் 35-ம் நாள் கட்டுங்கள், ஒன்றும் கெடாது. மதியம் இரண்டு மணிக்கு இலை லேசாகச் சுருண்டு, ஐந்து மணிக்கெல்லாம் விரிந்துவிட்டால் இந்த வயதில் பயப்பட வேண்டாம். வேர் கீழே இறங்கும். காலை பத்து மணிக்கே சுருண்டிருந்தால் தாமதமாகிவிட்டது. இந்தச் சலுகை 40-ம் நாள் வரைதான். அதன் பிறகு மதியச் சுருளலைக்கூட அனுமதிக்காதீர்கள்.

செம்மண்ணுக்கு இப்போதிலிருந்தே 7 நாள். ஆனால் ஒவ்வொரு முறையும் குறைவாக. அந்த மண்ணில் சாலை நிரப்பித் தேக்கி வைத்தால் மிச்சத் தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும், 25-ம் நாள் போட்ட யூரியாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

சோளக்கொல்லை:

நுனி மொட்டைக் கேள்விக்கு வருகிறேன். நுண்ணூட்டம் என்று சொல்லி ஒரு பாக்கெட் விற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முதலில் கதிரைப் பார்க்க வேண்டும்.

நுனியில் மணி இருந்த சுவடே இல்லாமல் சக்கை வழவழவென்று இருந்தால், அங்கே மகரந்தமே சேரவில்லை. சுருங்கிய, வெள்ளையான, அரிசி நொய் அளவு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தால், மகரந்தம் சேர்ந்து சூல் பிடித்து, பிறகு பயிர் அதைக் கைவிட்டிருக்கிறது. முதலாவது பட்டு நூல் வரும் நாளில் ஏற்பட்ட குறை. இரண்டாவது அதற்கடுத்த இரண்டு வாரத்தில், அதாவது பால் பிடிக்கும் முன்பு, ஏற்பட்ட குறை. கதிர் முழுக்க மணி சிதறிச் சிதறி, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம்: பூக்கும்போது 38 டிகிரிக்கு மேல் வெயில், அல்லது பட்டு நூலைப் புழு கடித்தது. துத்தநாகக் குறை இப்படி நுனியில் போய் உட்காராது, 20–25 நாள் பயிரிலேயே இளம் இலையில் நடு நரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

ஏன் நுனி? கதிரின் அடிப்பக்க மணிக்கான நூல் முதலில் வெளியே வரும், நுனி மணிக்கான நூல் கடைசியில். நூல் நீளுவதே தண்ணீரால்தான், ஒரு நாளைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். மண்ணில் ஈரம் குறைந்தால் நூல் வருவது தாமதமாகும். ஆனால் மேலே ஆண் பூ காத்திருக்காது, அது தன் நாளில் மகரந்தத்தை உதிர்த்துக்கொண்டே போகும். கடைசி நூல்கள் வெளியே எட்டிப் பார்க்கும்போது மகரந்தம் தீர்ந்து போயிருக்கும். நல்ல ஈரத்தில் ஆண் பூ உதிர ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் நூல் வந்துவிட வேண்டும். ஐந்து ஆறு நாள் இடைவெளி விழுந்தால் கதிர் நுனி மொட்டை நிச்சயம். புதிய ஒட்டு ரகங்களில் இந்த இடைவெளி பழைய ரகங்களைவிடக் குறைவு, ஆனாலும் வறட்சியில் எல்லாமே தடுமாறும்.

இந்தத் தடவை நீங்களே சோதித்துப் பாருங்கள். நூல் வந்து ஆறேழு நாள் கழித்து வயலில் பத்து இடத்தில் பத்துக் கதிரை ஒடியுங்கள். மட்டையை அடியிலிருந்து கத்தியால் கீறி, நூல் அறுபடாமல் மெதுவாகப் பிரித்து, கதிரைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். மகரந்தம் சேர்ந்த மணியின் நூல் தானாக உதிர்ந்துவிடும். சேராத மணியில் நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும். நுனியில் மட்டும் குடுமி மாதிரி நூல் நின்றால் அன்றைக்கே காரணம் கையில்.

நஷ்டம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஏக்கருக்கு உங்கள் இடைவெளியில் 27,000 செடி, 22,000 நல்ல கதிர் என்று வைப்போம். கதிருக்கு 14 வரிசை. வரிசைக்கு ஐந்து மணி போனால் கதிருக்கு 70 மணி, ஆயிரம் மணி 300 கிராம் என்றால் 21 கிராம். 22,000 கதிருக்கு 460 கிலோ. ஏக்கருக்கு நாலரை குவிண்டால், ஒரே ஒரு தண்ணீர் நான்கு நாள் தள்ளிப்போனதால்.

வேப்பந்தட்டைக்காரன்:

நன்றி அண்ணே. போன பட்டத்துக் கதிர் இரண்டு இன்னும் திண்ணையில் கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். நுனியில் நொய் மாதிரி வெள்ளை மணிகள் இருக்கு, முழு வழவழப்பு இல்லை. அப்படியென்றால் நூல் வந்த பிறகு வந்த குறை.

மோட்டார்: 5 எச்.பி., இரண்டரை அங்குலக் குழாய். 200 லிட்டர் டிரம் நிரம்ப 40 வினாடி. பகலில் மும்முனை மின்சாரம் 6 மணி நேரம் இருக்கு. ஆனால் இப்போதே 5 மணி நேரத்தில் கிணறு அடித்தட்டுகிறது. மாசிக் கடைசியில் 4 மணி நேரம்தான் ஓடும்.

கனஅடி:

டிரம் வைத்து அளந்தது பாதி வேலையை முடித்துவிட்டது. 40 வினாடிக்கு 200 லிட்டர் என்றால் மணிக்கு 18,000 லிட்டர்.

ஓர் ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது 4,047 லிட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும்.

பூக்கும் காலத்தில் செம்மண் 1 ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 40 மி.மீ., 1,62,000 லிட்டர். மண் வாய்க்கால், நீளமான சால் என்றால் பத்தில் மூன்று பங்கு வழியில் போய்விடும், கிணற்றிலிருந்து 2,30,000 எடுக்க வேண்டும். 13 மணி நேரம். இது ஐந்தரை நாளுக்கு ஒரு முறை, ஆகவே நாளொன்றுக்குச் சராசரி 2.4 மணி நேரம்.

கரிசல் 2 ஏக்கருக்கு 60 மி.மீ., 4,86,000 லிட்டர். சேதாரம் சேர்த்து 6,94,000. ஏறக்குறைய 39 மணி நேரம், எட்டு நாளுக்கு ஒரு முறை, நாளுக்கு 4.8 மணி நேரம்.

மொத்தம் நாளுக்கு 7.2 மணி நேரம் வேண்டும். கிணறு கொடுக்கப்போவது 4. மூன்று ஏக்கரையும் பூக்கும் பருவத்தில் முழுதாக நனைக்க உங்களிடம் தண்ணீர் இல்லை. இதை மார்ச்சில் தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்துகொள்வது நல்லது.

சேதாரத்தைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். மண் வாய்க்காலை விட்டுவிட்டு பி.வி.சி. குழாயோ, சுருட்டி வைக்கும் நீல ஓஸ்ஸோ போட்டு வயல் தலைமடை வரை கொண்டுபோங்கள். செம்மண்ணில் சால் நீளத்தை 25 மீட்டருக்குள் வெட்டிக் குறுக்குங்கள். நீளச் சாலில் தலைமடை அரை நாள் குடித்து, கடைமடை நனையாமல் இருக்கும். இந்த இரண்டையும் செய்தால் 70-லிருந்து 85 சதவீதம் பயனுக்கு வரும், 7.2 மணி நேரம் 6 மணி நேரமாகும். அப்போதும் பற்றாது.

ஈரம் எவ்வளவு ஆழம் போனது என்று பார்க்க 10 மி.மீ. கம்பியை மூன்றடிக்கு வெட்டி, முனையைச் சற்று மழுக்கி, தண்ணீர் கட்டிய மறுநாள் பாரில் குத்துங்கள். நனைந்த ஆழம் வரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த மண்ணில் முட்டி நிற்கும். தலைமடை, நடு, கடைமடை என மூன்று இடம். செம்மண்ணில் இரண்டடி தாண்டிப் போனால் அதிகம் கட்டியிருக்கிறீர்கள். கடைமடையில் ஓரடியில் நின்றால் சால் நீளம் தப்பு.

மடைமாற்றி:

கனஅடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிணற்றில் மிச்சம் பிடிக்கிறேன் என்று இப்போது மோட்டாரை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் அங்கேயே காத்திருக்கும் என்று சொல்ல முடியாது, பக்கத்துக் கிணறு இழுத்துக்கொள்ளும். கரிசலையே தொட்டியாக்குங்கள். 42 முதல் 45-ம் நாளுக்குள் கரிசல் 2 ஏக்கருக்கும் ஒரு முழுத் தண்ணீர், கம்பி இரண்டரை மூன்றடி வழுக்கும் வரை. கிணறு இன்னும் 5 மணி நேரம் ஓடும் காலத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஆண் பூ வரும்போது மண் நிறைந்திருக்கும். 45-ம் நாள் யூரியாவையும் அந்தத் தண்ணீரோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை, அடுத்த இரண்டு தண்ணீரை கரிசலில் ஒன்றுவிட்டு ஒரு சாலில் கட்டுங்கள். இந்த முறை ஒற்றைப்படைச் சால், அடுத்த முறை இரட்டைப்படை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சமாகும். கரிசல் பக்கவாட்டில் நன்றாக ஊறும், ஒரு பக்க வேருக்கு ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். செம்மண்ணில் இதைச் செய்யாதீர்கள், பக்கத்தில் ஊறாமல் நேரே கீழே இறங்கும். பூக்க ஆரம்பித்தால் கரிசலிலும் எல்லாச் சாலும் நனைய வேண்டும்.

நாட்டுக்கலப்பை:

இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். செம்மண் ஏக்கரைக் கைவிடுங்கள்.

கனஅடி கணக்கையே எடுங்கள். சேதாரம் குறைத்த பிறகு கரிசல் 2 ஏக்கருக்கு மட்டும் நாளுக்கு 4 மணி நேரம். கிணறு தருவதும் 4 மணி நேரம். மூன்று ஏக்கருக்கும் பங்கு போட்டால் மூன்றுமே பூக்கும்போது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் குறைந்து நிற்கும். மேலே மடைமாற்றி சொன்ன கணக்குப்படி அது விளைச்சலில் பாதி. மூன்று ஏக்கரில் பாதி விளைச்சலைவிட இரண்டு ஏக்கரில் முழு விளைச்சல் மேல், அறுப்புக் கூலியும் மிச்சம்.

செம்மண் ஏக்கரை 45–50 நாளில் ஆண் பூ வரும் சமயம் பச்சைத் தீவனமாக அறுத்து விடலாம். முடிவை 40-ம் நாளுக்குள் எடுங்கள். ஏனென்றால் தீவனத்துக்கு என்று முடிவானால் 45-ம் நாள் யூரியா அந்த ஏக்கருக்குப் போடக் கூடாது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வறட்சியில் நின்ற மக்காச்சோளம், அதிலும் யூரியா தின்றது, தண்டின் அடிப்பாகத்தில் நைட்ரேட்டைச் சேர்த்து வைக்கும். மாடு அதை நிறையத் தின்றால் மூச்சு வாங்கி விழும். தரையிலிருந்து ஓரடி விட்டு மேலே அறுங்கள். வைக்கோலோடு கலந்து போடுங்கள், பசியோடு வரும் மாட்டுக்கு முதலில் இதைக் காட்டாதீர்கள். காய்ந்து நின்ற பயிரில் திடீரென்று ஒரு மழை பெய்தால் அடுத்த சில நாள் அறுக்கவே வேண்டாம், அப்போதுதான் நைட்ரேட் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும்.

சோளக்கொல்லை:

முழு ஏக்கரையும் விட வேண்டுமா என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சொட்டுநீர் போட முடிந்தால் கணக்கு மாறும். தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இந்தப் பயிருக்கு அனுமதி வந்து சேராது, அது உண்மை. ஆனால் பழைய சொட்டுநீர்ப் பக்கவாட்டுக் குழாய் யாரிடமாவது கிடைத்தால் செம்மண் ஏக்கருக்கு மட்டும் விரித்துப் பாருங்கள்.

இரண்டு வரிசைக்கு ஒரு குழாய், 1.2 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 3,370 மீட்டர் குழாய். 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லிட்டர் என்றால் மொத்தம் 8,400-க்கு மேல் சொட்டுவான், மணிக்கு சுமார் 16,900 லிட்டர். உங்கள் மோட்டார் ஓர் ஏக்கரை ஒரே வால்வில் தாங்கும். மணிக்கு 4 மி.மீ.க்குச் சற்று மேல் இறங்கும். தினம் 7 மி.மீ. வேண்டும், 1 மணி 45 நிமிடம். செம்மண்ணில் தினமும் விடுவதுதான் சரி. மூன்று நாளுக்கு ஒன்று என்று சேர்த்து விட்டால் சொட்டுநீரின் பயன் குறையும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் சொட்டுவான் அடைக்கும், கரைந்த உப்பை வடிகட்டி நிறுத்தாது. தூசிக்கு வடிகட்டியை வாரம் இருமுறை கழுவுங்கள்.

இதிலும் கரிசலுக்கு 4 மணி நேரம் போகப் பெரிதாக மிச்சம் இல்லைதான். ஆனால் கால் ஏக்கர், அரை ஏக்கர் காப்பாற்றலாம். மிச்சத்தைத் தீவனமாக அறுக்கலாம்.

இன்னொன்று. தண்ணீர் பற்றவில்லை என்று சிலர் ஆண் பூவை ஒடித்து மாட்டுக்குப் போடுவார்கள், கீழ் இலையை உருவுவார்கள். மகரந்தம் முழுதாக உதிரும் வரை மேலே கை வைக்காதீர்கள். கதிருக்கு நேரே உள்ள இலையும் அதற்கு மேலே உள்ளவையும்தான் மணிக்குச் சோறு போடுபவை. அடியில் காய்ந்த இலையை எடுப்பதில் நஷ்டம் இல்லை, லாபமும் இல்லை.

வேப்பந்தட்டைக்காரன்:

தெளிவாகிவிட்டது. செம்மண்ணில் அரை ஏக்கர் தீவனத்துக்கு, மிச்சம் அரை ஏக்கருக்கு மாமா வீட்டில் பழைய சொட்டுநீர்க் குழாய் இருக்கு, கேட்டுப் பார்க்கிறேன். நீல ஓஸ் வாங்கியாச்சு.

கடைசியாக இரண்டு. தண்ணீரை எப்போது நிறுத்துவது? போன வருடம் பக்கத்துக் காட்டில் கடைசித் தண்ணீர் கட்டிய அன்று காற்றடித்துப் பாதி சாய்ந்துவிட்டது. தண்ணீர் அதிகமானால் என்னவெல்லாம் ஆகும் என்பதையும் சொல்லுங்கள். நிறைந்த கிணறு இருக்கிற காலத்துக்கும் உதவும்.

மடைமாற்றி:

கதிர் மட்டை மஞ்சளானதும் நிறுத்துகிறார்கள். அது குத்துமதிப்பு. மணியைப் பாருங்கள். கதிரை நடுவில் ஒடித்து, நுனிப் பக்கத் துண்டில், ஒடித்த இடத்தில் தெரியும் மணியின் பக்கத்தைப் பாருங்கள். மணியின் தலையில் கெட்டியான மஞ்சள் மாவு, கீழே பால், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். மணித் தலையில் குழி விழும்போது அந்தக் கோடு உச்சியில் தொடங்கி, நாளாக ஆகக் கீழே இறங்கும். அடியைத் தொட்டதும் மணியை நெட்டியிலிருந்து பிடுங்கினால் காம்பில் கறுப்புப் புள்ளி தெரியும். அதற்கு மேல் மணிக்கு ஒன்றும் போகாது. அப்போது மணியில் ஈரம் 30–35 சதவீதம் இருக்கும், அதற்குப் பிறகு காய்வது மட்டும்தான்.

கோடு பாதியில் இருக்கும்போது கரிசலில் மண் ஈரமாக இருந்தால் அதோடு விட்டுவிடலாம், மிச்சத்தை அந்த ஈரமே முடித்துவிடும். செம்மண்ணில் பாதிக் கோட்டுக்குப் பிறகு லேசான ஒரு தண்ணீர் வேண்டும். உச்சியில் கோடு இருக்கும்போதே நிறுத்தினால் மணி எண்ணிக்கை குறையாது, எடை குறையும், மூட்டை பிடித்தால்தான் தெரியும். உங்கள் பயிருக்கு இது ஏப்ரல் முதல் இரண்டு வாரம், வெயிலைப் பொறுத்துச் சில நாள் முன்பின் ஆகும்.

இந்தக் கட்டத்தில் பயிர் மிகவும் காய்ந்தால் இன்னொரு சிக்கல், தண்டு அழுகல். செடி திடீரென்று வெளிறி, அடித்தண்டை அழுத்தினால் அமுங்கும். பிளந்தால் உள்ளே நார் நாராகப் பிரிந்து கரித்தூள் தூவியது போல இருக்கும். பூத்த பிறகு வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் வருவது இது. பக்கத்துக் காடு சாய்ந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், தண்டு உள்ளே பொத்தலாகியிருந்தால் காற்று ஒரு சாக்குதான். தண்டைப் பிளந்து பார்த்தார்களா?

கனஅடி:

அதிகத் தண்ணீர் பற்றி. முதல் 20–25 நாள் வரை மக்காச்சோளத்தின் குருத்து முனை மண்ணுக்குள்ளேயே இருக்கும். அந்த வயதில் வயலில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால், வெயில் அடிக்கிற ஊரில் செடி செத்தே போகும். தேறினாலும் அடி இலை மஞ்சளாகி, குட்டையாக நிற்கும். வேர் மூச்சு முட்டுவதோடு, மண்ணில் இருக்கிற தழைச்சத்தும் (நைட்ரஜனும்) வாயுவாகப் பறந்துவிடும். வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்குங்கள், மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் ஏக்கருக்கு 25 கிலோ யூரியா கொடுத்து மண் அணைத்துவிடுங்கள். நிற்கிற தண்ணீரில் யூரியாவை வீசுவது பணத்தை வீசுவது.

யூரியாவும் தண்ணீரும் எப்போதும் ஜோடி. ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து: கால் பங்கு அடியுரம், பாதி 25-ம் நாள், கால் பங்கு 45-ம் நாள். 45-ம் நாள் பங்கு சுமார் 54 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் ஒன்றேகால். காய்ந்த மண்மேல் தூவி மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கட்டினால் நாற்றமாகவே போய்விடும். தூவி, மண்ணால் மூடி, அன்றே அல்லது மறுநாள் காலை அளவாகத் தண்ணீர்.

சாய்வதற்கு: பூத்த பிறகு சாயங்காலம் காற்று எழும்பும் நாளில் மடை திறக்காதீர்கள். விடியற்காலை ஆரம்பித்து, சாலில் தண்ணீர் நிற்காமல் வற்றும்படி முடியுங்கள். 25-ம் நாள் அணைத்த மண் இப்போது கரைந்திருந்தால் 35–40 நாளுக்குள் இன்னொரு கை அணைக்கலாம். அதற்குப் பிறகு வேண்டாம், வேர் அறுபடும்.

நாட்டுக்கலப்பை:

தூவான் குழாய் (ஸ்பிரிங்க்ளர்) வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஆண் பூ உதிரும் வாரத்தில் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை தூவானை ஓட்டாதீர்கள். மகரந்தம் உதிர்வது அந்த நேரத்தில்தான், நனைந்தால் நூலுக்குப் போய்ச் சேராது. மதியத்துக்குப் பிறகோ இரவிலோ ஓட்டுங்கள்.

வேப்பந்தட்டைக்காரருக்கு: அடுத்த தடவை இந்தக் கிணற்றை நம்பி மார்கழிக் கடைசியில் 3 ஏக்கர் போடாதீர்கள். புரட்டாசியில் விதைத்தால் பூப்பது கார்த்திகையில் விழும், ஒரு நாளைக்கு 4 மி.மீ.க்கு மேல் குடிக்காது, மழையும் பாதி வேலையைச் செய்யும். தைப் பட்டம்தான் வேண்டும் என்றால் கரிசல் 2 ஏக்கர் மட்டும்.

வேப்பந்தட்டைக்காரன்:

சரிங்கண்ணே. 35-ம் நாள், பிப்ரவரி 14, கரிசலுக்கு ஒற்றைப்படைச் சால். செம்மண்ணுக்கு 30-ம் நாளே கட்டிவிடுகிறேன். மார்ச் 11 வாக்கில் கதிர் உதறிப் பார்த்துவிட்டு எத்தனை நூல் நின்றது என்று இங்கே போடுகிறேன்.